மாடியில் வெளுத்துப்போன ஸ்பேக்னம் பாசி: காரணம் என்ன, இந்தப் பாசியின் இயல்பும் பயனும் என்ன?

தண்டையார்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் நான்கு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். எலுமிச்சை, மாதுளை, செம்பருத்தி, கத்தரி, சில டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுகள் ஆகியவற்றோடு சென்ற தை மாதத்தில் நெப்பந்தஸ் என்னும் குடுவைத் தாவரம் ஒன்றும் வந்து சேர்ந்தது. அதை விற்றவர், இதற்கு மண் ஆகாது, ஸ்பேக்னம் பாசியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, சிலி நாட்டிலிருந்து வந்த உலர்பாசிப் பொட்டலம் ஒன்றையும் சிறு டப்பாவில் உயிருள்ள பச்சைப் பாசியையும் கொடுத்தார். பொட்டலத்தின் மேல் ஸ்பேக்னம் மெகெல்லானிகம் என்று அச்சிட்டிருந்தது.

உயிர்ப்பாசியை அகலமான மண்தொட்டி ஒன்றில் பரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்து வந்தேன். முதல் இரண்டு வாரங்கள் அது நட்சத்திர நட்சத்திரமாக விரிந்து கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மூன்றாம் வாரம் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. ஒரு மாதத்திற்குள் முழுவதும் பழுப்பாகிவிட்டது. தொட்டியின் விளிம்பிலும் பாசியின் நுனிகளிலும் உப்புப் பூத்தது போல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஒருநாளும் அதைக் காயவிடவில்லை என்பதால்தான் எனக்கு இது புரியவில்லை. எங்கள் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் எல்லாச் செடிகளுக்கும் ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இருந்த, நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மானியை அந்த நீரில் வைத்தபோது 1,380 என்று காட்டியது.

பாசி ஏன் மடிந்தது? இதுவும், கடைகளில் பழுப்புத் தூளாக விற்கும் பீட் மாஸும், கோகோபீட்டும் ஒன்றுதானா? பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகன், இது பொதி கட்டுவதற்குப் பயன்படும் பாசி என்று பாடத்தில் இருப்பதாகச் சொல்கிறான். அதற்கு மேல் இதற்குப் பயன் உண்டா? சதுப்புநிலங்களை அழித்துத்தான் இதை எடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னதும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

கொளத்தூர் வண்ணமீன் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் செடி வளர்ப்பவன் அல்லன். கொளத்தூரில் 18 ஆண்டுகளாக வண்ணமீன் குஞ்சு பொரித்து விற்கிறேன். ஆனாலும் உங்கள் பதிவில் 1,380 என்ற எண்ணைப் பார்த்தவுடனே பதில் எழுதத் தோன்றியது, ஏனென்றால் இதே பாசியின் மட்கிய வடிவமான பீட்டை மீன்தொட்டியில் பயன்படுத்தி, இதே நீரால் நானும் ஏமாந்திருக்கிறேன்.

நியான் டெட்ரா போன்ற மீன்கள் அமேசான் காட்டின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட, தேநீர் நிற நீரைச் சேர்ந்தவை. கடினநீரில் அவை உயிரோடு இருக்கும், ஆனால் முட்டை தேறாது. பீட்டைத் துணிப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வைத்தால் அது நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அமிலத்தை விடும் என்று கேள்விப்பட்டு, முதல் முறை எங்கள் கிணற்று நீரிலேயே போட்டுப் பார்த்தேன். நீர் பழுப்பானது. ஆனால் பி.எச். அளவு இரண்டு நாள் சற்று இறங்கி, பிறகு பழைய இடத்திற்கே ஏறிவிட்டது. நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்னும் உப்பு, பீட் விடும் அமிலத்தை எல்லாம் விழுங்கிவிடுகிறது, பீட்டும் சீக்கிரம் நிறைந்துபோகிறது. பிறகு மூன்று பங்கு ஆர்.ஓ. நீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்து, அதில் பீட்டை வைத்தபோதுதான் அது தன் வேலையைச் செய்தது. கையளவு பீட்டே ஒரு தொட்டி நீரோடு இப்படித் தோற்றுப்போகிறது என்றால், நாள்தோறும் இரண்டு வேளை அந்த நீரை வாங்கிய உங்கள் பாசி என்ன பாடு பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு செய்தி. கில்லி மீன்களில் சில வகை ஆப்பிரிக்காவில் மழைக்காலக் குட்டைகளில் மட்டும் வாழ்பவை. குட்டை வற்றும்போது தாய் தந்தை மீன்கள் இறந்துவிடும், முட்டைகள் சேற்றுக்குள் உறங்கி அடுத்த மழைக்குப் பொரிக்கும். இவற்றை வளர்ப்பவர்கள் தொட்டியின் அடியில் சேற்றுக்குப் பதிலாகக் கொதிக்க வைத்து ஆறிய பீட்டைப் பரப்புவார்கள். முட்டையிட்ட பிறகு அந்தப் பீட்டைப் பிழிந்து, புகையிலை போல் ஈரப்பதம் மட்டும் இருக்குமாறு பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்துவிட வேண்டும். வகைக்கு ஏற்ப இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் குளிர்ந்த நீரை ஊற்றினால் சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். இத்தனை நாள் ஈரத்தில் கிடந்தும் முட்டையில் பூஞ்சை எளிதில் ஏறாததற்குப் பீட்டின் புளிப்புத்தான் காரணம். அந்த உறையை முதன்முதலில் பிரித்து நீர் ஊற்றிய இரவில் நான் தூங்கவே இல்லை.

---

பெரம்பூர் தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மா, வணக்கம். கொளத்தூர் தம்பி நோயைச் சரியாகவே சொல்லிவிட்டார். அந்த நீர் ஏன் இந்தப் பாசிக்கு மட்டும் நஞ்சாகிறது, உங்கள் கத்தரிக்கும் செம்பருத்திக்கும் ஏன் ஆகவில்லை என்பதை மட்டும் நான் விளக்க முயல்கிறேன். வடசென்னைப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில், பாடத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடும் இந்தத் தாவரத்தைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். குளத்தில் படரும் பாசி வேறு, இது வேறு. ஐப்பசி மழையில் நம் மதில் சுவர்களில் வெல்வெட் போல் படர்கிறதே, அந்த மாஸ் இனத்தின் உறவுதான் ஸ்பேக்னம். இந்தப் பேரினத்தில் 300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. பெரும்பாலும் குளிர்ந்த, மழை மிகுந்த நாடுகளின் சதுப்புகளில் வாழ்பவை. இந்தியாவில் இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு மலைகளிலும் இதைக் காணலாம். உங்கள் பொட்டலத்தில் நீள நீளமாக வைக்கோல் போல் இருப்பது அறுத்து உலர்த்திய பாசி. அதே பாசி சதுப்பின் அடியில் நூற்றாண்டுகள் அழுந்தி அரைகுறையாக மட்கியதுதான் பீட் மாஸ் என்னும் பழுப்புத் தூள். கோகோபீட் என்பது நம் தென்னைநார் உரிக்கும்போது கிடைக்கும் துகள். அதற்கும் இந்தப் பாசிக்கும் பெயரில் மட்டுமே உறவு.

இனி இலைக்கு வருகிறேன். உங்கள் மகனின் பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் உலர்பாசியின் ஓர் இலையை நீரில் நனைத்து அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டவே தேவையில்லை, அந்த இலை ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. அகன்ற, வெறுமையான, கண்ணாடி போன்ற செல்கள் வரிசையாகத் தெரியும். அவற்றின் சுவரில் ஏணிப்படி போல் குறுக்கு நார்களும், ஆங்காங்கே வட்டத் துளைகளும் இருக்கும். அவை உயிரற்ற செல்கள். வளர்ச்சியின்போதே தம் உள்ளடக்கத்தை இழந்து, நீரைப் பிடித்து வைக்கும் குடங்களாக மாறிவிட்டவை. குடம் காயும்போது நசுங்கிவிடாமல் தாங்குபவை அந்த ஏணிப்படி நார்கள். இந்தக் குடங்களுக்கு இடையே மெல்லிய நூல்வலை போல் ஓடும் குறுகிய செல்கள்தாம் பச்சையம் கொண்ட உயிருள்ள செல்கள். மெகெல்லானிகம் உள்ளிட்ட குழுவில் அந்தப் பச்சைச் செல் இருபுறமும் குடங்களால் முழுவதும் மூடப்பட்டிருக்கும். இதைப் பார்க்கும்போது மாணவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள். அந்த அமைதிக்காகவே ஒவ்வோர் ஆண்டும் டார்ஜிலிங்கிலிருந்து கொண்டுவந்து புட்டியில் வைத்திருந்த துண்டுகளை எடுத்து வைப்பேன்.

இந்த அமைப்பு தெரிந்தால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். தன் உலர் எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை இது பிடித்து வைப்பது அந்தக் குடங்களால்தான். இதற்கு வேரும் கிடையாது, நீரை ஏற்றும் குழாய்த் திசுவும் கிடையாது. தண்டை ஒட்டித் தொங்கும் கிளைகள் விளக்குத்திரி போல் நீரை மேலே இழுக்க, நுனியில் அது ஆவியாகிறது. நீங்கள் ஊற்றிய நீரிலிருந்த உப்பு ஆவியாகுமா? ஒவ்வொரு நாளும் அது நுனியிலேயே தங்கியது. வளரும் மொட்டு இருப்பதும் அதே நுனியில்தான். கத்தரிச் செடிக்கு நீர் ஊற்றினால் உப்பின் ஒரு பகுதி மண்ணில் இறங்கிப் போகும், வேரும் தனக்கு வேண்டியதை ஓரளவு தேர்ந்து எடுக்கும். இந்தப் பாசிக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. நீங்கள் கண்ட வெள்ளைப் படிவு அதன் சாட்சி.

மற்றொன்று, இதன் செல்சுவரிலுள்ள யூரோனிக் அமிலங்கள் என்னும் சர்க்கரை சார்ந்த அமிலங்கள் நீரிலிருக்கும் கால்சியம் போன்ற அயனிகளைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். மழைநீரைத் தவிர வேறொன்றும் வராத சதுப்பில், மிகச் சொற்பமான சத்துகளைப் பிடித்துக்கொள்ள இது உதவுகிறது. அதோடு சுற்றுப்புறத்தையும் புளிக்க வைத்து, பிற தாவரங்கள் எளிதில் நுழைய முடியாமல் செய்துவிடுகிறது. சுண்ணாம்பு மிகுந்த காரநீரில் இந்த ஏற்பாடு குலைந்துவிடும். தண்டையார்பேட்டை, இராயபுரம் பக்கத்துக் கிணறுகளின் உப்பு உங்களுக்குத் தெரிந்ததே. நமக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறியது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. அந்த நீர் மழையை மட்டும் உண்டு வாழும் உயிருக்கு ஆகாது.

பொட்டலத்தில் இருந்த பெயரைப் பற்றியும் சொல்கிறேன். மெகெல்லானிகம் என்பது தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மெகல்லன் நீரிணையைக் குறிக்கும் பெயர். பிரிடெல் என்ற தாவரவியலாளர் 1798இல் இதை விவரித்தார். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காணப்பட்ட ஒயின் நிறச் சதுப்புப் பாசிகளையும் நெடுங்காலம் இதே பெயரால்தான் அழைத்துவந்தனர். மரபணுவைக் கொண்டு ஆராய்ந்தபோது அவை வேறு என்று தெரிந்து, 2018இல் வடபகுதிப் பாசிகளை மீடியம், டிவைனம் என இரு சிற்றினங்களாகப் பிரித்தார்கள். மெகெல்லானிகம் என்ற பெயர் தெற்குப் பாசிக்கே நின்றது. ஆகவே சிலியிலிருந்து வந்த உங்கள் பாசிக்கு அந்தப் பெயர் பொருத்தமே. நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் இந்தப் பாசிகள் செந்நிறம் கொள்ளும். நம் ஊரின் வெப்ப இரவுகளில் அந்த நிறத்தை எதிர்பார்க்க முடியாது.

இனப்பெருக்கத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாசியின் தலைக்கு மேல் சிறு காம்பில் மிளகைவிடச் சிறிய உருண்டை ஒன்று நிற்கும். அதுவே வித்துப்பை. தரையோடு தரையாக நிற்பதால் காற்று அதைத் தொடுவதே அரிது. வெயில் ஏறக் காய்ந்து, உருண்டையாக இருந்த பை உருளையாகச் சுருங்கும். உள்ளிருக்கும் காற்று இறுகி, ஒரு கட்டத்தில் மூடி தெறிக்க, வித்துகள் 10 சென்டிமீட்டருக்கும் மேல் எழும்பும். இவ்வளவு நுண்ணிய துகள்கள் இத்தனை உயரம் எப்படிப் போகின்றன என்பது புதிராக இருந்தது. 2010இல் அதிவேகப் படக்கருவியால் பார்த்தபோது, சுருட்டுப் புகையில் விடும் வளையம் போன்ற சுழல்காற்று வளையம் ஒன்று அவற்றைச் சுமந்து மேலே செல்வது தெரிந்தது.

பயன்களில் என் மனத்தை எப்போதும் தொடுவது காயக்கட்டு. எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட அதே 1914இன் இறுதியில், எடின்பரோவில் சார்ல்ஸ் கேத்கார்ட் என்ற அறுவை மருத்துவரும் ஐசக் பெய்லி பால்ஃபர் என்ற தாவரவியலாளரும் முதல் உலகப் போரின் காயங்களுக்கு ஸ்பேக்னத்தைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். பருத்தி வெடிமருந்து செய்யவும் தேவைப்பட்டதால் மருத்துவமனைகளில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு. பாசியோ பஞ்சைப் போல் இருமடங்கு ஈரத்தை உறிஞ்சும், அதைப் பக்கவாட்டிலும் பரப்பிக்கொள்ளும், புளிப்பினால் கிருமிகளின் பெருக்கத்தையும் தடுக்கும். ஊரூராகப் பெண்களும் சிறுவர்களும் சதுப்புக்குப் போய்ப் பாசியைப் பறித்து, குப்பை பொறுக்கி, உலர்த்தி, மஸ்லின் பைகளில் தைத்து அனுப்பினார்கள். 1918இல் பிரிட்டனிலிருந்து மாதத்திற்குப் பத்து இலட்சம் கட்டுகள் வரை போயின. பாப்பில்லோசம், பலுஸ்ட்ரே என்ற சிற்றினங்களே இதற்குச் சிறந்தவை என்று கண்டார்கள். என் தாத்தா பின்னி ஆலையில் காக்கித் துணி நெய்த காலம் அது. அந்தச் சட்டையை அணிந்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பாசிக் கட்டோடு படுத்திருந்தார்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் தொட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நுனி இறந்தாலும் தண்டில் சற்றுக் கீழே உயிருள்ள பக்கமொட்டுகள் இருக்கக்கூடும். மழைநீராலோ ஆர்.ஓ. நீராலோ நான்கைந்து முறை நன்றாக அலசி, வெள்ளை படிந்த மண்தொட்டியை விட்டுவிட்டு, மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, நேர் வெயில் படாத வடக்குச் சன்னலில் வையுங்கள். ஆறு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

---

இராயபுரம் செவிலியர் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்திற்கு நன்றி. அலசச் சொல்லியிருப்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வெறுங்கையால் அலசாதீர்கள் அம்மா. ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை ஸ்பேக்னம் பாசியிலும் ரோஜா முள்ளிலும் வைக்கோலிலும் இருக்கலாம். கையில் கீறல் இருந்தால் அதன் வழியே புகுந்து, சில வாரங்கள் கழித்து வலியில்லாத சிறு கட்டியாகத் தொடங்கும். பிறகு புண்ணாகி, கையின் நிணநீர்க் குழாய் வழியே வரிசையாக மேலேறும். 1988இல் அமெரிக்காவில் மரக்கன்றுகளை இந்தப் பாசியில் சுற்றி அனுப்பியபோது 15 மாநிலங்களில் 84 பேருக்கு இந்த நோய் வந்தது. ஆசிரியர் ஐயா சொன்ன போர்க்காலக் கட்டுகளைப் பதப்படுத்திய பிறகே காயத்தில் வைத்திருப்பார்கள். வீட்டிலுள்ள பொட்டலப் பாசியை யாரும் காயத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இரப்பர் கையுறை போதும். உலர்பாசியைப் பிய்க்கும் முன் நனைத்துவிட்டால் தூசியும் மூக்கில் ஏறாது. ஆறாத கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம் பாசியைத் தொட்டதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைவே வராமல் போகலாம். மருந்து உண்டு, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும்.

---

தண்டையார்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஆசிரியர் ஐயாவின் பதிலை மகன் அச்செடுத்து வைத்துக்கொண்டான். கையுறை வாங்கிவிட்டேன்.

மீதமுள்ள உலர்பாசியில் பாதியை எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் விண்பதியம் போட வைத்திருக்கிறேன். அதற்கு இதுதான் வேண்டுமா? அடுத்து இன்னொரு பொட்டலம் வாங்குவது சரியா என்ற என் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை.

---

மாதவரம் நாற்றங்கால் எழுதியது:

விண்பதியத்திற்கு இந்தப் பாசி அருமையாக வேலை செய்யும் என்பது உண்மை. பழைய தோட்டக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு அங்குலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து, நனைத்துப் பிழிந்த பாசியை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையையும் இறுகக் கட்டினால், தாள் வழியே வேர் ஓடுவது வெளியே தெரியும். பாசி ஈரத்தையும் காற்றையும் ஒருங்கே வைத்திருப்பதால் வேர் அழுகாது.

ஆனால் அம்மா, இந்த வேலையை நன்றாக அலசிய கோகோபீட்டும் செய்யும். நாங்கள் பத்து ஆண்டுகளாக மாதுளைக்கும் கொய்யாவுக்கும் அதையே வைக்கிறோம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வருகிறது. வாங்கியவுடன் பயன்படுத்தக் கூடாது. தென்னைநாரில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும் என்பதால் நல்ல நீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிய வேண்டும். உப்பு நீரில் அலசினால் அலசியதே வீண். கத்தரி நாற்றுக்கும் இதே போதும். டென்ட்ரோபியத்திற்குப் பாசி வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாசிக்குள் வேர் மூச்சு முட்டி அழுகும், அடுப்புக்கரியும் செங்கல் துண்டும்தான் அதற்குச் சுகம். நெப்பந்தஸுக்கு மட்டும் உங்கள் கையில் இருக்கும் பாசியை வைத்துக்கொள்ளுங்கள். பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைக் கல்துகளைச் சரிபாதி கலந்தால் ஒரு பொட்டலம் இரண்டு ஆண்டுக்குக் காணும்.

கொளத்தூர் அண்ணனிடம் ஒரு கேள்வி. மீனுக்குப் பீட்டுக்குப் பதிலாகக் கோகோபீட் போடலாமா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். என்ன சொல்வது?

---

கொளத்தூர் வண்ணமீன் எழுதியது:

நீரை மென்மையாக்கும் வேலைக்குக் கோகோபீட் ஈடாகாது என்று சொல்லிவிடுங்கள். அலசாததைப் போட்டால் உப்புத்தான் கூடும். நிறமும் சிறிது பூஞ்சைத் தடுப்பும் மட்டும் போதும் என்பவர்களுக்கு நம் தெருக்களில் உதிர்ந்து கிடக்கும் வாதாங்கொட்டை மரத்தின் சருகு இருக்கிறது. சிவந்து தானாக விழுந்த இலையைக் கழுவிக் காயவைத்து, ஃபைட்டர் மீன் தொட்டிக்கு ஒன்று வீதம் போட்டால் நீர் தேநீர் நிறமாகும், மீனும் தெளிவாக இருக்கும். அந்த இலை கடினத்தன்மையைக் குறைக்காது. அதற்கு ஆர்.ஓ. நீரையே கலக்க வேண்டும். டெட்ராவுக்கு நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். கில்லி முட்டைக்கு மட்டும் பீட் வைத்திருக்கிறேன். ஒரு சிறு பை மூன்று ஆண்டாக வருகிறது.

---

பெரம்பூர் தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

அம்மாவின் கடைசிக் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். உலர்பாசியை அறுப்பதும் பீட்டைத் தோண்டுவதும் ஒரே செயல் அல்ல. இரண்டிற்கும் வெவ்வேறு விடை.

ஸ்பேக்னம் மேலே வளர்ந்துகொண்டே கீழே இறந்துகொண்டிருக்கும். இறந்த பகுதி நீரில் மூழ்கி, காற்றில்லாமலும் புளிப்பினாலும் மட்காமல் சேர்கிறது. சேரும் வேகம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே. ஒரு மீட்டர் ஆழத்திற்குப் பீட்டைத் தோண்டினால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுச் சேமிப்பை எடுக்கிறோம் என்று பொருள். இராசராசன் காலத்துப் பாசி பொட்டலத்திற்குள் வருகிறது. அது எவ்வளவு மட்காமல் இருக்கும் என்பதற்கு டென்மார்க்கில் 1950இல் பீட் வெட்டியவர்கள் கண்ட டோலண்ட் மனிதனே போதும். முகத்தில் தாடி முளைத்த தடம்கூடத் தெரிந்ததால் அண்மையில் நடந்த கொலை என்று எண்ணிக் காவல்துறையை அழைத்தார்கள். அவர் இறந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. பாசியின் செல்சுவரிலிருந்து வெளிப்படும் சர்க்கரைப் பொருள் தோலைப் பதனிட்டது போல் ஆக்கிவிட, எலும்பின் சுண்ணாம்பு மட்டும் அமிலத்தில் கரையத் தொடங்கியிருந்தது. உங்கள் பாசி எந்தக் கால்சியத்தால் மடிந்ததோ, அதே கால்சியத்தை அங்கே அது எலும்பிலிருந்து எடுத்திருக்கிறது.

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 3 விழுக்காடு அளவே. ஆனால் எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளில் உள்ளதைவிடக் கூடுதலான கரிமம் அவற்றில் அடங்கியிருக்கிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தவுடன் காற்றுப் புகுந்து அது கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்கும். ஆகவே தோட்டத்திற்குப் பழுப்புப் பீட் தூள் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் மாநிலத்திலேயே நீலகிரியின் பள்ளங்களில் பீட் உண்டு. அது புல்லும் கோரையும் சேர்ந்து உருவானது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த பீட்டின் கரிம ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் கரிம அணுக்களைக் கொண்டு, இருபதாயிரம் ஆண்டுகளில் பருவமழை கூடியதும் குறைந்ததும் எப்படி என்று சூழலியலாளர் சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்டார்கள். வெட்டி எரித்திருந்தால் அந்த ஏடு நமக்குக் கிடைத்திருக்காது.

உலர்பாசியின் நிலை இவ்வளவு மோசமில்லை. மேற்பரப்பை மட்டும் அறுத்து, அடியிலுள்ளதை மிதித்துக் குலைக்காமல், மீண்டும் வளர ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் அது தழைக்கும். விட்டுவைக்கிறார்களா என்பதே கேள்வி. சிலியில் இதைப் பொம்போன் என்பார்கள். அங்குள்ள சிலோயே தீவில் பனிமலை கிடையாது, மழைநீரைப் பஞ்சு போல் பிடித்து வைத்துக் கோடையில் ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் விடுவது இந்தப் பாசிச் சதுப்புகள்தாம். புழலும் சோழவரமும் வற்றினால் நமக்கு என்ன ஆகும் என்பதை 2019இல் பார்த்தவர்கள் நாம், சதுப்பை அறுத்த ஊரில் கோடையில் தண்ணீர் லாரி வருவதன் பொருள் நமக்கு விளங்கும். 2024இல் சிலி நாடு பீட் தோண்டுவதைச் சட்டத்தால் தடுத்து, பாசியை அறுக்க மேலாண்மைத் திட்டம் வேண்டும் என்று விதித்தது. எனவே கையிலிருப்பதைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். மாதவரத்தார் சொன்ன கணக்கில் அது இரண்டு ஆண்டுக்குப் போதும். தொட்டியிலுள்ள பாசி பிழைத்துக்கொண்டால் அடுத்த பொட்டலமே தேவைப்படாமலும் போகலாம்.

---

தண்டையார்பேட்டை மாடித்தோட்டம் எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கையுறையோடு ஆர்.ஓ. நீரில் ஐந்து முறை அலசினேன். கடைசி முறை பிழிந்த நீரில் மானி 60க்குக் கீழே காட்டியது. பழைய ஊறுகாய்ச் சாடியில் பரப்பிச் சமையலறையின் வடக்குச் சன்னலில் வைத்தேன். படுக்கையறை ஏசியிலிருந்து சொட்டும் நீரை மகன் வாளியில் பிடித்து அளந்ததில் 14 வந்தது, இப்போது பாசிக்கும் நெப்பந்தஸுக்கும் அதையே தெளிக்கிறோம். விண்பதியத்தைக் கோகோபீட்டில் போட்டேன். மாதுளையில் தாள் வழியே வெள்ளை வேர் தெரிகிறது, எலுமிச்சையில் இன்னும் இல்லை.

முதல் ஐந்து வாரங்கள் பாசியில் எந்த மாற்றமும் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பழுப்புத் தண்டு ஒன்றின் பக்கத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளியை மகன்தான் முதலில் பார்த்தான். நேற்றுவரை எண்ணியதில் பதினோரு புள்ளிகள். இரண்டில் நட்சத்திர வடிவம் தெரியத் தொடங்கிவிட்டது. ஆசிரியர் ஐயா, அவன் பழைய இலை ஒன்றைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்து ஏணிப்படியையும் துளைகளையும் வரைந்து வந்திருக்கிறான். பச்சைச் செல் மட்டும் அவனுக்குத் தெரியவில்லையாம். புதிய நுனியிலிருந்து ஓர் இலை எடுக்கலாமா, அல்லது இன்னும் சில வாரம் வளரவிட வேண்டுமா?

---

பெரம்பூர் தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

இப்போது எடுக்க வேண்டாம் அம்மா, இன்னும் ஒரு மாதம் விடுங்கள். நுனி இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு, தலையை விட்டுவிட்டுச் சற்றுக் கீழே உள்ள கிளையிலிருந்து ஊசியால் ஓர் இலையை மட்டும் எடுத்தால் செடிக்குக் கேடில்லை. சாயம் எதுவும் இடாமல், ஒரு சொட்டு ஏசி நீரில் வைத்து, கண்ணாடி வில்லையால் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் பச்சை இழை தெரியும்.